பழ மூட்டை ஏறுமா? மஹிந்திராவின் வரவிருக்கும் பிக்கப், ஒரு ஏற்காட்டுத் தோட்டக்காரியின் மதிப்பீடு

2023 ஆகஸ்ட் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் மஹிந்திரா நிறுவனம் ஒரு பிக்கப் வண்டியின் மாதிரியை மேடையேற்றியது. பெயர் குளோபல் பிக்கப். அதே நிறுவனத்தின் ஸ்கார்பியோ-என் காருடைய ஏணி வடிவ அடிச்சட்டத்தின் மேல் கட்டியது. காட்டுப் பாதைக்கென்றே அலங்கரித்திருந்தார்கள்: பருத்த பல் வைத்த டயர்கள், காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் ஸ்நார்கெல் குழாய், கூரைமேல் விளக்கு வரிசை, இழுவைக் கொக்கிகள். அதே விழாவில் ஓஜா என்ற சிறிய டிராக்டர் வரிசையும் அறிமுகமானது. டிராக்டரும் பிக்கப்பும் ஒரே மேடையில் நின்றதைப் பார்த்தபோது, இந்த வண்டி என்னைப் போன்றவர்களையும் மனத்தில் வைத்து வரைந்தது என்று நம்பத் தோன்றியது. அந்த நம்பிக்கையோடுதான் இதைத் தராசில் வைக்கிறேன்.

எங்களுக்கு நாகலூருக்கு அந்தப் பக்கம் காபித் தோட்டம். நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகு, கீழே அராபிகா. மாமனார் காலத்தில் பழைய ஜீப், இப்போது ஒரு பிக்கப். ஓட்டுவது பெரும்பாலும் நானே. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு வரும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அது நல்ல தார்ச்சாலை. சாதாரணக் காரே ஏறிவிடும். வண்டியின் யோக்கியதை தெரிவது அதற்கு அப்பால், தார் முடிந்து தோட்டத்துக்குள் இறங்கும் மண் பாதையில்.

அந்த மண்ணைப் பற்றிச் சொல்லாமல் எந்த வண்டியையும் மதிப்பிட முடியாது. சேர்வராயன் மலையின் மேல்மட்டத்தில் பாக்சைட் படிந்திருக்கிறது. அலுமினியத் தாதுக்காக ஒரு காலத்தில் வெட்டியும் எடுத்தார்கள். அதனால் மேலே செம்மண், மழை பட்டால் களிமண்ணாகக் குழைந்து வழுக்கும். அடியில் சார்னோகைட் பாறை, இரும்பைப் போன்ற கடினம். மழைநீர் மண்ணை அரித்துவிட்டுப் போனதும் பாறையின் முனைகள் மட்டும் பாதையில் துருத்தி நிற்கும். ஆக, ஒரே பாதையில் இரண்டு சோதனைகள்: சக்கரத்துக்கு வழுக்கல், வயிற்றுக்குக் கல். பாலைவனத்துக்கென்று வடிவமைத்த வண்டிக்கு இந்த இரண்டையும் சேர்த்துத் தெரியாது.

காலமும் எங்களுக்கு எதிராகவே இருக்கிறது. அராபிகா பழம் சிவப்பது நவம்பர் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் நவம்பர், டிசம்பரில்தான். பறித்த பழத்தை அன்றே, தோலை உரிக்கும் பல்பர் இயந்திரத்தில் போட்டாக வேண்டும். மூட்டையிலேயே ஓர் இரவு கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும்; அந்தப் புளிப்பு கடைசிக் கோப்பை வரை போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். சேலம் போக வழியில்லை என்பது ஒரு கவலை. கீழ்த் தோட்டத்தில் பறித்து வைத்த பழத்தை மேலே இருக்கும் பல்பருக்குக் கொண்டுவர முடியுமா என்பது அதைவிடப் பெரிய கவலை. சாலை அடைத்திருந்தாலும் தோட்டத்துக்குள் வண்டி ஓடியாக வேண்டும். எங்களுக்கு நான்கு சக்கர இயக்கம் தேவைப்படுவது அதற்காக.

இனி வண்டிக்கு வருகிறேன். பிக்கப்பின் அடித்தளமான ஸ்கார்பியோ-என் 2022-இல் இருந்து விற்பனையில் இருக்கிறது. என் அத்தை மகனிடம் அதன் நான்கு சக்கர இயக்க டீசல் வண்டி இருக்கிறது. மார்கழி மழை விட்ட ஒரு காலையில் அதை வாங்கி எங்கள் பாதையில் இறக்கி ஏற்றினேன். 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல், 175 குதிரைத்திறன். மேனுவல் கியரில் 370 நியூட்டன் மீட்டர் இழுவிசை, ஆட்டோமேட்டிக்கில் 400. என்னைக் கவர்ந்தது அந்த எண்கள் அல்ல, தாழ்நிலை கியர். இன்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பரிமாற்றப் பெட்டியில் இருக்கும் இரண்டாவது விகிதம் வண்டியின் வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்குகிறது. பிரேக்கில் கால் வைக்காமல், முதல் கியரில் இன்ஜின் பிடித்த பிடியிலேயே வண்டி நடை வேகத்தில் செம்மண் சரிவில் இறங்கியது. வழுக்கும் சரிவில் பிரேக் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பலகையாகச் சறுக்கும். இன்ஜின் பிடித்தால் சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும். உருளும் வரை ஸ்டியரிங் நம் சொல் கேட்கும். மலையில் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் உயிர் காக்கும் பாடம் இது. பிக்கப்பில் இந்தத் தாழ்நிலை கியரை விலை உயர்ந்த ரகத்துக்கு மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் முதல் கோரிக்கை.

அடுத்தது டிஃப் லாக், அதாவது டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி. வளைவில் வெளிச்சக்கரம் அதிகமும் உள்சக்கரம் குறைவும் சுற்ற வேண்டும் என்பதற்காக டிஃபரன்ஷியல் இருக்கிறது. அதன் குணமே, எந்தச் சக்கரம் எளிதாகச் சுற்றுகிறதோ அதற்கு ஓட்டத்தை விட்டுக்கொடுப்பது. எங்கள் கீழ்த் தோட்டத்தில் ஒரு நீர்வடிகால் பாதையைக் கோணலாக வெட்டிப் போகிறது. அதைக் கடக்கும்போது முன்பக்கம் ஒரு சக்கரமும் பின்பக்கம் எதிர்மூலைச் சக்கரமும் தரையை விட்டு எழும்பும். பூட்டு இல்லாத வண்டியில் எழும்பிய சக்கரம் காற்றில் சுழலும், தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். எங்கள் இப்போதைய பிக்கப் அந்த இடத்தில் எத்தனையோ மாலைகளில் நின்றிருக்கிறது. மேஸ்திரி கல் அடுக்கி, ஆட்கள் தள்ளி ஏற்றியிருக்கிறார்கள். ஸ்கார்பியோ-என் வண்டியின் பின் அச்சில் இயந்திரப் பூட்டு உண்டு. சக்கரம் வீணாகச் சுழலத் தொடங்கியதும் தானாகப் பூட்டிக்கொள்கிறது. வடிகாலில் ஒரு கணம் சுழன்றது, டக்கென்று ஒரு சத்தம், வண்டி ஏறிவிட்டது. மேஸ்திரி கையில் கல்லோடு நின்றுகொண்டிருந்தார்.

"இதில் எத்தனை மூட்டை தாங்கும், அம்மா?" என்று அவர் கேட்டார். இது பிக்கப் இல்லை, பிக்கப் இனிமேல்தான் வரும் என்றேன். ஆனால் இந்த மதிப்பீட்டின் மையமே அவர் கேட்ட கேள்விதான்.

உலகில் நடுத்தர பிக்கப்புகளின் காட்டுப் பாதை ரகங்கள் எப்படி வருகின்றன என்று பாருங்கள். ஃபோர்டு ரேஞ்சரின் ராப்டர் ரகம் இந்த வகையில் பெரும்புகழ் பெற்றது. அதில் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங்கும், அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் வாட்ஸ் இணைப்பும் வைத்தார்கள். ஃபாக்ஸ் நிறுவனத்தின் உயர்தர ஷாக் அப்சார்பர் பொருத்தினார்கள். மணல் மேடுகளில் வேகமாகப் பறந்து இறங்கினாலும் தாங்கும். அதற்கு விலையாகக் கொடுத்தது பாரம் சுமக்கும் திறனை. 2018-இல் ஆஸ்திரேலியாவில் வந்த முதல் ராப்டருக்குச் சுமக்கும் அளவு 758 கிலோ. பிறகு வந்த வி6 பெட்ரோல் ராப்டருக்கு 717 கிலோ. அதில் ஓட்டுநரும் பயணிகளும் அடக்கம். ஐந்து பேர் ஏறிவிட்டால் மூட்டைக்கு மிஞ்சுவது நானூறு கிலோவுக்குக் கீழே. பல் வைத்த டயர், இரும்பு பம்பர், வின்ச் என்று சேர்க்கச் சேர்க்க அதிலும் குறையும். பொழுதுபோக்குக்கு வாங்குபவருக்கு அது போதும். ஒரு தோட்டத்துக்கு அது போதாது.

இந்த இடத்தில்தான் மஹிந்திரா என்ன முடிவெடுக்கிறது என்று கூர்ந்து கவனிக்கிறேன். ஸ்கார்பியோ-என் வண்டியின் பின்பக்கமும் சுருள் ஸ்பிரிங், வாட்ஸ் இணைப்புதான். காராக அது சுகம். எங்கள் பாதையில் முதுகு நோகாமல் ஓட்டினேன். பிக்கப்பிலும் அதையே வைத்தால் சவாரி இனிக்கும், சுமை குறையும். பட்டை ஸ்பிரிங் வைத்தால் சுமை கூடும், காலி வண்டி கல்லில் குதிக்கும். குதிக்கும் சக்கரம் ஏற்றத்தில் பிடியை இழக்கும். காலியாகத் தோட்டத்துக்குப் போய், நிரம்பித் திரும்புவதுதான் எங்கள் அன்றாடம். எனவே இரண்டு நிலைக்கும் பொறுப்பான வண்டி வேண்டும். என்னைக் கேட்டால் பட்டை ஸ்பிரிங்கே வேண்டும் என்பேன். மேல்பட்டைகள் மெலிதாக வளைந்து கொடுக்க, சுமை ஏறியதும் அடிப்பட்டை வந்து தாங்கும்படி இரண்டு கட்டமாக அடுக்கினால் காலி வண்டியும் அவ்வளவு முரடாக இருக்காது. இன்னொரு லாபமும் உண்டு. பட்டை முறிந்தால் சேலத்தில் எந்தப் பட்டறையிலும் மாற்றிக்கொள்ளலாம். உயர்தர ஷாக் அப்சார்பர் கசிந்தால் எங்கே போவது?

காட்டுப் பாதை ரகம் என்றாலே உயரத்தைக் கூட்டுவார்கள். வயிற்றுக்குக் கீழே கல் தட்டாமல் இருக்க அது நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வண்டி உயர்ந்தால் பின்தொட்டியின் விளிம்பும் உயரும். எங்கள் தோட்டத்தில் பழம் பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். பறித்த மூட்டையைத் தலையில் சுமந்து வந்து தொட்டியில் ஏற்றுவதிலும் அவர்களே கை கொடுக்கிறார்கள். ஈரப் பழ மூட்டை கல்லாகக் கனக்கும். விளிம்பு இடுப்பளவில் இருந்தால் சாய்த்து உருட்டிவிடலாம். நெஞ்சளவுக்குப் போய்விட்டால் இரண்டு பேர் தூக்கி வீச வேண்டும், மாலைக்குள் தோள் விட்டுப்போகும். இதுவரை நான் படித்த எந்த வண்டி மதிப்பீட்டிலும் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கண்டதில்லை. எழுதுகிறவர்கள் மூட்டை ஏற்றிப் பார்ப்பதில்லை. உயரத்தைக் கூட்டுவதற்குப் பதில் இன்ஜினுக்கும் பரிமாற்றப் பெட்டிக்கும் டீசல் தொட்டிக்கும் அடியில் கனமான இரும்புத் தகடு கொடுங்கள். பாறை உரசினால் தகடு உரசட்டும்; பெண்களின் தோள் தப்பிக்கும்.

அகலமும் என்னைக் கவலைப்படுத்துகிறது. டொயோட்டா ஹைலக்ஸ் 1855 மி.மீ. அகலம், ஸ்கார்பியோ-என் 1917 மி.மீ. அதாவது முழு பிக்கப்பான ஹைலக்ஸைவிடவே இது ஆறு சென்டிமீட்டர் அகலம். அதன் சட்டத்தில் வரும் பிக்கப் இதைவிடக் குறுகலாக இருக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. பருத்த டயரும் அதை மூடும் பிதுங்கிய விளிம்பும் வந்தால் இன்னும் கூடும். ஐரோப்பாவில் இசுசு டி-மேக்ஸ் வண்டியை ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் மாற்றியமைத்து ஏடி35 என்று விற்றது. 35 அங்குல டயர், அதற்கேற்ற அகன்ற விளிம்புகள். பனிப் பரப்பில் மிதந்து போக அந்த அகலம் உதவும். எங்களுக்கு நேர்மாறானது தேவை. காபி இந்த மலைக்கு வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். மோட்டார் வண்டியே இல்லாத காலம். பழைய தோட்டங்களின் பாதைகளும் கல் தூண் வாயில்களும் இன்னும் குறுகலாகவே இருக்கின்றன. பாதையை அகலப்படுத்தினால் ஒரு வரிசைச் செடி போகும். ஒரு காபிச் செடி பலனுக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வண்டிக்காகச் செடியை வெட்ட எனக்கு மனம் வராது.

நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கார்பியோ-என் 4662 மி.மீ.; ஹைலக்ஸ் 5325 மி.மீ. நான்கு கதவும் தொட்டியும் சேர்ந்தால் ஐந்து மீட்டரைத் தாண்டியே தீரும். ஏற்காடு மலைச்சாலையின் வளைவுகளில் அது பிரச்சினையில்லை, அங்கே பஸ்ஸே திரும்புகிறது. தோட்டத்துக்குள் ஒரே ஒடிப்பில் திரும்பாது. முன்னே, பின்னே, மறுபடி முன்னே. ஒருபக்கம் சரிவு இருக்கும் இடத்தில் பின்னே எடுப்பது நடுக்கம் தரும் வேலை. இந்த வண்டியில் சுற்றிலும் காட்டும் கேமரா வந்தால் அதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு கதவு வைத்து, சக்கர இடைவெளியைக் குறைத்து, நீண்ட தொட்டியோடு ஒரு ரகம் வந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

டயரைப் பொறுத்தவரை, மாதிரி வண்டியில் பார்த்த பருத்த பற்கள் படத்துக்கு அழகு. எங்கள் களிமண்ணில் அகன்ற டயர் மேலே மிதந்து வழுக்குகிறது. குறுகிய டயர் குழம்பை அறுத்துக்கொண்டு கீழே இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கிறது. பழைய ஜீப்புகள் ஒல்லி டயரிலேயே இந்த மலை முழுக்க ஏறி இறங்கிய காரணம் அதுதான். முழுச் சேற்று டயரும் வேண்டாம். வாரம் தவறாமல் சேலத்துக்கு ஈரத் தார்ச்சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது, அங்கே அதன் பிடி குறைவு. எல்லாத் தரைக்கும் பொதுவான நடுத்தரப் பல், குறுகிய அகலம், உயர்ந்த பக்கச் சுவர். அது போதும்.

கூரை விளக்குகளை எடுத்துவிடலாம். மூடுபனியில் உயரத்திலிருந்து பாயும் ஒளி பனித்துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்புகிறது. எதிரே வெள்ளைச் சுவர் எழும்பிவிடும். ஏற்காட்டில் கார்த்திகை, மார்கழி மாலைகளில் ஐந்தடி முன்னால் தெரியாது. அப்போது உதவுவது பம்பருக்குக் கீழே, தாழ்வாக, அகலமாக விரியும் பனிவிளக்கு. ஸ்நார்கெல் குழாயும் எங்களுக்கு வேலையற்றது. இங்கே ஆறு கடப்பதில்லை. மழையில் பாதையின் குறுக்கே பாயும் நீர் முழங்காலுக்குக் கீழேதான், பயம் அதன் ஆழத்தில் இல்லை, அடியில் மண்ணை அரித்துக்கொண்டு போவதில்தான். இந்த இரண்டையும் விரும்புவோர்க்குத் தனி விலையில் விற்கட்டும்.

உள்ளே சன்ரூஃப், 5ஜி இணைப்பு, கம்பியில்லாத சார்ஜர், ஓட்டுநருக்குத் துணைசெய்யும் இரண்டாம் நிலைத் தானியங்கி வசதி என்றெல்லாம் அறிவித்திருக்கிறார்கள். சேற்றுக் காலோடு ஏறும் வண்டிக்கு ரப்பர் விரிப்பும் கழுவக்கூடிய இருக்கையும் போதும். ஆனால் பாதுகாப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஸ்கார்பியோ-என் 2022 டிசம்பரில், வண்டியை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் பாதுகாப்புச் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் பெற்றது. பிக்கப் என்றால் சரக்கு வண்டி, அதில் போகிறவர் உயிர் இரண்டாம் பட்சம் என்ற எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. அதை உடைக்க இந்த வண்டிக்கு வாய்ப்பு இருக்கிறது. மாதிரியை அறிமுகப்படுத்தியபோதே ஐந்து நட்சத்திரத்தைக் குறிவைத்துச் சொன்னார்கள். அந்தச் சொல்லை விற்பனை வண்டியிலும் காப்பாற்ற வேண்டும்.

விலை. இசுசு வி-கிராஸ் பிக்கப் 2016-இல் 12.49 லட்சத்தில் தொடங்கியது. ஹைலக்ஸ் 2022-இல் 33.99 லட்சத்தில் வந்தது. சிறு தோட்டக்காரர்கள் நிற்பது இந்த இரண்டு விலைக்கும் இடையில்தான். இருபது லட்சத்துக்குக் கீழே தாழ்நிலை கியரும் பின்பூட்டும் உள்ள வண்டி கிடைத்தால் ஏற்காட்டில் மட்டுமல்ல, கொல்லிமலையிலும் கல்வராயனிலும் வாங்குவார்கள். ஷோரூமில் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி பதிவைப் பற்றியது: வெள்ளைப் பலகையா, மஞ்சள் பலகையா? இசுசு தன் வி-கிராஸைச் சொந்த வண்டியாகவும் எஸ்-கேப் ரகத்தைச் சரக்கு வண்டியாகவும் பிரித்து விற்றது. பலகையின் நிறத்தைப் பொறுத்து வரி, காப்பீடு, தகுதிச் சான்று எல்லாமே மாறும். விற்பவர் இதைத் தெளிவாகச் சொல்லும் வரை முன்பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது கேள்வி மேஸ்திரியுடையது. நான்கு பேர் அமர்ந்த பிறகு தொட்டிக்கு எத்தனை கிலோ என்று எழுத்தில் தரச் சொல்வேன். எழுநூறுக்கு மேல் என்றால் மேனுவல் கியர், டீசல், பின்பூட்டு, சாதாரண உயரம் கொண்ட ரகத்தை எடுப்பேன். காட்டுப் பாதை அலங்காரம் செய்த ரகத்திலிருந்து வயிற்றுத் தகட்டை மட்டும் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்வேன். அதற்குக் குறைவு என்றால் எங்கள் பழைய பிக்கப்பின் பின் அச்சில் ஒரு டிஃப் லாக் போட்டுக்கொண்டு, அடுத்த அறுவடையையும் அதிலேயே பார்த்துவிடுவேன்.